லட்சத்துக்கு மூவாயிரம் குற்றம்

டில்ஃபோர்ட்டின் மக்கள்தொகை தொண்ணூற்று நாலு என்கிறது ஊர் எல்லைப் பலகை. போன குளிர்காலத்தில் இரண்டு பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் பலகையைக் குறைத்து எழுத மேயர் வெண்டல் கிரெப்ஸின் கௌரவம் இடம் தரவில்லை.

டோரினுக்கு அந்தக் கௌரவம்தான் தலைவலி. பள்ளிக்கு ஒரே ஆசிரியையும் ஊருக்கு ஒரே எழுத்தரும் அவள்தான். பள்ளியில் இருந்தது எட்டுப் பிள்ளைகள். செப்டம்பருக்குள் பத்து சேராவிட்டால் பூட்டு. ஒமஹா நகரத்திலிருந்து மாரிசெல் என்ற நர்ஸ், கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் குடிவரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து இணையத்தில் பட்டியல் வந்தது: லட்சம் பேருக்கு மூவாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொரு குற்றம், மாநிலத்தின் ஆபத்தான ஊர்களில் டில்ஃபோர்ட்டும் ஒன்று.

மொத்தக் குற்றம் மூன்று. மூன்றும் மேயர் கொடுத்த புகார்கள். புல்வெட்டும் இயந்திரம், ஏணி, துளைபோடும் கருவி. பக்கத்து வீட்டுக் கொட்டகையில் கேட்காமல் எடுத்து, வேலை முடிந்ததும் கொண்டுபோய் வைப்பதுதான் ஊர் வழக்கம். புல்வெட்டி பெட்ரோல் நிரம்பித் திரும்பி வந்தது. புகார்தான் திரும்பவில்லை.

"வாபஸ் வாங்கியிருக்கலாமே, வெண்டல்?"

"மேயர் சொன்னது சொன்னதுதான், டோரின். நாளைக்கு ஊர் என்னை மதிக்குமா?"

"இன்னைக்கு மதிக்குதுன்னு யார் சொன்னா?"

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை மாரிசெல் குடும்பத்தோடு வந்தாள். டோரின் மூன்று குற்றங்களையும் மறைக்காமல் சொன்னாள். பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோரும் வண்டிக்குத் திரும்பினார்கள்.

"ஐயோ, யாரோ வண்டியத் திறந்திருக்காங்க!" என்று கத்தினாள் மாரிசெல்.

டோரின் வண்டியை நோக்கி ஓடினாள். பத்தாவது பிள்ளையும் போச்சு, பள்ளியும் போச்சு. எட்டிப் பார்த்தாள். பின்சீட் முழுக்க, வெள்ளரிக்காய் மாதிரியான சுக்கினிக் காய்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு.

டோரினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மன்னிச்சிருங்க, சொல்ல மறந்துட்டேன். இங்க ஆகஸ்ட்ல மட்டும்தான் வண்டியப் பூட்டுவோம். தோட்டத்துல காய்ச்சுத் தள்ளுதில்ல? தின்னு மாளாது. திறந்த வண்டி கிடைச்சா தள்ளிவிட்டுருவாங்க."

தபால் நிலையச் சுவரோரம் மேயர், காலிச் சாக்கு ஒன்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"மேயர் சார்," என்றாள் மாரிசெல், "இதையும் புகாரா எழுதிரலாமா? பட்டியல்ல முதலிடமே வந்துரலாம்."

"அது... வரவேற்புங்க. ஊர் சார்பா."

மாரிசெல் சிரித்த சிரிப்பு அவள் கணவனுக்கும் தொற்றிக்கொண்டது. "நான் வேலை பார்க்கிற எமர்ஜென்சி வார்டுக்கு ஒரு ராத்திரி வந்து பாருங்க. இது ஆபத்தான ஊராம்!" கடைக்குட்டி அதற்குள் ஒரு காயை வாளாகச் சுழற்றிக்கொண்டு பள்ளிக்குள் ஓடிவிட்டான். டோரின் வருகைப் பதிவேட்டைத் திறந்து மூன்று பெயர்களை எழுதினாள். நிதானமாக, அழகான கையெழுத்தில்.

போன இரண்டு பேரைக் கழித்து, வந்த ஐந்து பேரைக் கூட்டி, எல்லைப் பலகையில் தொண்ணூற்று ஏழு என்று தன் கையாலேயே எழுத, பெயின்ட் டப்பாவோடு மேயர் கொட்டகைக்குப் போனார். ஏணியைக் காணவில்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

இந்த முறை அவர் புகார் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஏணியை, கேட்காமல், எடுத்துக்கொண்டு போனார்.