ஸ்டாஃபர் வீட்டுத் தோட்டா

ஸ்டாஃபர் குடும்பத்து ஆண்கள் மான் வேட்டைக்கு முப்பது-முப்பது என்ற அளவு ரைஃபிள் தோட்டா தவிர வேறெதையும் தொட்டதில்லை. பென்சில்வேனியாவின் அந்த மலைக்காட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. மூத்தவர் ஹார்லனுக்கு அதில் தனிப் பெருமை.

வசந்தத்தில் தோளில் அறுவை சிகிச்சை ஆன பிறகு அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. துப்பாக்கி தோளில் உதைக்கப் போகிறது என்று தெரிந்ததுமே அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. கண்ணை மூடிச் சுடுகிறவன் நாலு பேரோடு காட்டில் நிற்கக் கூடாது. இந்த வருடம் கூரை வேலை இருக்கிறது, வரவில்லை என்று தம்பி மெர்லிடம் சொல்லிவிட நினைத்தார். தோள் போய்விட்டது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மனைவி லொரெய்ன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துப்பாக்கிக் கடைக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"டுவேன், எனக்கு லீவர் இழுத்துச் சுடற துப்பாக்கி ஒண்ணு வேணும். தகர டப்பா சுடறதுக்கு."

நாற்பது வருடத்தில் துப்பாக்கியைத் துடைக்கக்கூட எடுக்காதவள். ஹார்லன் திகைத்து நின்றார். கடைக்காரர் டுவேன் அவருடைய தோளை ஒருமுறை பார்த்துவிட்டு லொரெய்னிடமே பேசினார்.

"45-70 தோட்டா போடறது வேணாம்மா, தோளையே கழட்டிட்டுப் போயிரும். 44 கொஞ்சம் முரடு. 357 எடுத்துக்கோங்க. அதுலயே அதிகம் உதைக்காத 38 தோட்டாவும் போடலாம். டப்பாவுக்கு 38, மானுக்கு 357. நூறு கஜத்துக்குள்ள நின்னா மான் விழும்."

"அது போலீஸ்காரன் இடுப்புல வெச்சிருக்கிற கைத்துப்பாக்கித் தோட்டா" என்றார் ஹார்லன்.

"நம்ம காட்டுல நூறு கஜம் உனக்கு எங்க தெரியுது, கிழவா? மரந்தான் தெரியும்" என்றாள் லொரெய்ன்.

வீடு திரும்பியதும் களஞ்சியத்துக்குப் பின்னால் மண்மேட்டின் முன் பீன்ஸ் டப்பாக்களை அடுக்கினாள். ஒரு டப்பாவை விழ வைத்துவிட்டு, "கை வலிக்குது, மிச்சத்த நீ சுடு" என்று நீட்டினாள். 38 ஹார்லனின் தோளை லேசாகத் தட்டியதோடு சரி. டப்பாக்கள் துள்ளி விழுந்தன. கண்கள் திறந்தே இருந்தன. பிறகு 357 போட்டுப் பார்த்தார். அதற்கும் மூடவில்லை. லொரெய்ன் ஆப்பிள் மரத்தில் எதையோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேட்டைக்கு இதையே எடுத்துட்டுப் போறேன். உன்னுதுன்னு சொல்லிக்கிறேன்."

"என்ன வேணா சொல்லிக்கோ."

வேட்டைக் குடிலில் துப்பாக்கி லொரெய்னுடையது என்று சொன்னதும் மெர்ல் விடவில்லை. "என்னண்ணே, அண்ணி துப்பாக்கியத் தூக்கிட்டு வந்துட்ட? அவங்க கைப்பையையும் கொண்டாந்திருக்கலாமே."

"அவளுதுதான். நல்லா இருக்கு" என்றார் ஹார்லன்.

மறுநாள் காலை கிளைக்கொம்புக் கலைமான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஹார்லன் கண்ணைத் திறந்துவைத்துத்தான் சுட்டார். ஆனால் கொம்பையே பார்த்துக்கொண்டு சுட்டார். குண்டு மானின் முதுகுக்கு மேலே போயிற்று.

குறி தவறியவனின் சட்டையில் முதுகுப்பக்கக் கீழ்த்துணியை வெட்டி, காரணத்தை எழுதிச் சுவரில் அடிப்பது அந்தக் குடிலின் வழக்கம். அங்கே ஸ்டாஃபர் துணி ஒன்றுகூடக் கிடையாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கத்தரிக்கோலோடு வந்த மெர்ல் தயங்கினான்.

"அண்ணே, அண்ணியோட பொம்மத் துப்பாக்கியால வந்ததுன்னு எழுதிருவோம். நம்ம பேரு தப்பிச்சிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹார்லனும் சிரித்திருக்கலாம். ஆனால் லொரெய்னும் நாற்பது வருடமாக ஸ்டாஃபர்தானே.

எழுந்து நின்று முதுகைத் திருப்பிக் காட்டினார். "துப்பாக்கி என்னுது. தோள் கெட்டுப்போச்சு, அதனால அவ பாத்து வாங்கிக் குடுத்தா. அதுல ஒரு குறையும் இல்ல. நான் கொம்பப் பாத்து மயங்கிட்டேன், அவ்ளோதான். வெட்டுடா."

மெர்ல் வெட்டி, அதையே எழுதிச் சுவரில் அடித்தான்.

வீட்டுக்கு வந்தபோது லொரெய்ன் அடுப்படியில் இருந்தாள்.

"மான்?"

"தப்பிச்சிருச்சு."

"தோள்?"

"வலிக்கல."

அவர் கோட்டை மாட்டத் திரும்பியபோது சட்டையின் வெட்டுப்பட்ட முதுகுப்பக்கம் தெரிந்தது. "இது நான் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்த சட்டையாச்சே."

"பின்ன?" என்றார் ஹார்லன், தலையை நிமிர்த்தி. "ஊரு பாக்கத் தொங்கப் போறதுக்குக் கிழிசலையா போட்டுட்டுப் போவாங்க?"