தென்காற்றுக்குத் திறந்த குடா

எங்கள் விஸ் தீவைச் சுற்றி நங்கூரம் போட முப்பது இடமாவது இருக்கும். எந்தக் காற்றுக்கும் மறைவு தரும் குடா என்று ஒன்றுகூட இல்லை. ஒரு காற்றுக்கு முதுகைக் காட்டும் குடா, இன்னொரு காற்றுக்கு வாயைத் திறந்து வைத்திருக்கும். வாடகைக்குப் பாய்மரப் படகெடுத்து ஒரு வாரம் சுற்ற வருபவர்களை, அன்றன்றைய காற்றுக்குத் தகுந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பத்தொன்பது வருஷமாக என் வேலை. பெரினா சொன்னால் சரியாக இருக்கும் என்று துறையில் பேச்சு. அந்தப் பேச்சை நானும் நம்பியிருந்தேன்.

அந்த செப்டம்பரில் வந்தவர் பிராண்ட்ல் என்ற ஆஸ்திரியாக்காரர், பல் மருத்துவர். அவர் மனைவி, இரண்டு நண்பர்கள், அவர்களுடைய மனைவிமார் என்று ஆறு பேர். சமையலுக்கு தொப்ரிலா. நாலு வருஷமாக என்னோடுதான் படகேறுகிறாள். முப்பது வயதிருக்கும். பொரித்த நெத்திலியைத் தட்டில் வைக்கும் முன்பே பாதியைத் தின்றுவிடுவாள், கேட்டால் உப்பு பார்த்தேன் என்பாள்.

கிளம்பும்போதே ஏழு நாளுக்கும் எங்கெங்கே தங்குவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முதலாளி வின்கோவிடம் ஒரு தாளும் படகில் ஒரு தாளும் வைத்தேன். வாரம் முழுக்க வடமேற்குக் காற்று என்றுதான் வானிலை அறிக்கை. அதற்குத் தென்கரை நல்ல மறைவு. அதனால் வியாழக்கிழமைக்கு ‘மோட்ரா’ என்று எழுதினேன். தென்கரையிலேயே அழகான குடா அது. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் நிற்கும். அடியில் மணல் கிடையாது, கடற்புல். நங்கூரம் அதில் பிடித்த மாதிரிதான் தெரியும், பிடித்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை காற்றழுத்தமானியின் முள் இறங்கியிருந்தது. காற்றே இல்லை. ஆனால் தெற்கிலிருந்து நீளமான அலை ஒன்று மெதுவாகப் படகைத் தூக்கித் தூக்கி இறக்கியது. உப்பு டப்பாவில் உப்பு நசநசத்துப் போயிருந்தது. யூகோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. தெற்கிலிருந்து வரும் அந்தக் காற்று எடுத்தவுடன் அடிக்காது. இரண்டு மூன்று நாள் சேர்த்து வைத்துக்கொண்டு அடிக்கும்.

படகை வடகரைக்குத் திருப்பினேன். அங்கே ஒரு குடாவில், முன்காலத்தில் ராணுவம் குடைந்த கான்கிரீட் சுரங்கம் இருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அடியில் கெட்டியான சேறு, தெற்கே மலை. யூகோ எவ்வளவு அடித்தாலும் அங்கே காபிக் கோப்பை சிந்தாது.

பிராண்ட்ல் சுரங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இந்த சிமென்ட்டப் பாக்கவா கேப்டன் நாங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தோம்?”

“ரெண்டு நாள் பொறுத்துக்குங்க சார். தெக்க இருந்து பெரிய காத்து வருது.”

“எங்க வருது? மெழுகுவத்தி ஏத்தி வச்சாக்கூட அணையாது போலருக்கே.”

புதன்கிழமையும் வானம் கண்ணாடியாக இருந்ததுதான் என் கெட்ட நேரம். பக்கத்துப் படகுக்காரர்கள் தென்கரையில் எடுத்த படங்களை அவர் மனைவி போனில் ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினார். சாயங்காலம் வின்கோ கூப்பிட்டார்.

“பெரினா, அவங்க கேக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத்தான் வாயேன். உனக்கென்ன வந்துச்சு?”

“படகுல எட்டுப் பேர் இருக்கோம் வின்கோ. அதான் வந்துச்சு.”

“உன்னோட மாரடிக்க முடியல. காலைல துறைக்கு வா. யாக்ஷா ஏறட்டும், நீ எறங்கிக்க.”

யாக்ஷா என் தம்பி, ஒன்பது வயது இளையவன். அவனும் கேப்டன்தான். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும் வாய். அதனால் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

மறுநாள் காலை கயிறு கட்டியதும் அவனைத் தனியாக இழுத்துச் சொன்னேன். “மோட்ராவுக்குப் போகாத. போய்த்தான் தீரணும்னா மத்தியானத்துக்குள்ள வெளிய வந்துரு. அடில புல்லு, நங்கூரம் நிக்காது.”

“அக்கா, உனக்குக் காத்துன்னாலே பேய் புடிச்ச மாதிரி. நீ போய்த் தூங்கு. நான் பாத்துக்குறேன்.” என் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு ஏறினான். நான் எழுதிய தாள் படகில் மேசைமேலேயே கிடந்தது. வியாழன், மோட்ரா. அதைக் குறுக்கே அடித்திருக்கலாம். இறங்கிப் போகச் சொன்ன கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

இரண்டரை மணிக்குத் துறைமுகக் காபிக்கடையில், படகுகள் பேசிக்கொள்ளும் வானொலியில் தம்பியின் குரல் கேட்டது. அவன் கத்தியதில் படகின் பெயர் மட்டும்தான் புரிந்தது. காரில் தீவைக் குறுக்கே கடந்து, மலைப்பாதையில் மழையோடு வழுக்கிக்கொண்டு இறங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் யூகோ அடித்திருக்கிறது. நங்கூரம் புல்லோடு பெயர்ந்து, படகு பாறைமேல் சாய்ந்து கிடந்தது. விருந்தாளிகள் ஆறு பேரும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

தொப்ரிலா கல்மேல் கிடந்தாள். பாறையில் மோதாமல் படகைத் தள்ளிவிடப் பார்த்தபோது வலது கால் படகுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பார்த்தவள் உடனே அவள் முகத்துக்குத் திரும்பிக்கொண்டேன்.

யாக்ஷா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நீ சொன்ன அக்கா. நீ சொன்ன, நான்தான் கேக்கல.”

ஸ்பிளிட் நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் காலை எடுத்தார்கள். துறைமுக அதிகாரிகளின் விசாரணைக்கு முந்தின வாரம் தம்பி வீட்டுக்கு வந்தான். மீன் சூப் வைத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் வாங்கிக் குடித்தான்.

“அக்கா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். எல்லாத்தையும் நான் சொல்லிக்கிறேன்.”

தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். பாவம் பிள்ளை என்றுகூட நினைத்தேன்.

விசாரணை அறையில் அவன் பையிலிருந்து, வின்கோவிடம் நான் கொடுத்திருந்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தான்.

“இது எங்கக்கா எழுதின திட்டம். கையெழுத்தும் அவங்களோடதுதான். இதுல இருந்த எடத்துக்குத்தான் போனேன்.”

“போக வேணாம்னு உங்ககிட்ட வாயால ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார் அதிகாரி.

“இல்லீங்க.”

என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். சாட்சி உண்டா என்றார்கள். வின்கோ தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். படகின் குறிப்பேடு கடல் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. பிராண்ட்ல் கடிதம் அனுப்பியிருந்தார். பெண் கேப்டன் கடுகடுப்பானவர், அடிக்கடி திட்டத்தை மாற்றிக் குழப்பினார் என்று.

தொப்ரிலாவுக்குத் தெரியும். இரண்டு நாளும் சுரங்கக் குடாவில் நடந்த சண்டை முழுவதையும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டவள் அவள். கல்மேல் கிடந்தபோது, ‘நீ சொன்ன அக்கா’ என்று தம்பி அழுததும் அவள் காதில் விழுந்திருக்கும். அத்திப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

“எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கு பெரினா. ஆனா செயற்கைக் காலுக்கு வின்கோதான் ஏற்பாடு பண்றாரு. அதுக்கப்புறம் அவர் ஆபீஸ்லயே வேலையும் தரேங்குறாரு. என்னைக் கேக்காதீங்க. கேட்டா நான் உண்மையச் சொல்லிருவேன். சொன்னா எனக்கு இந்த ஒரு கால்தான் மிச்சம்.”

நான் கேட்கவில்லை. பழத்தைத் தோலுரித்துக் கொடுத்தேன். இரண்டு தின்றுவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

என் உரிமத்தை இரண்டு வருஷம் முடக்கினார்கள். யாக்ஷாவுக்கு எச்சரிக்கை. மறு வருஷமே வின்கோ அவனைப் புதுப் படகில் ஏற்றினார். இரண்டு வருஷம் முடிந்தும் நான் உரிமத்தைக் கேட்டுப் போகவில்லை. தீவின் மறுபக்கம் கொமிஷா ஊரில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடும் கிடங்கில் வேலை பார்க்கிறேன். கை மரத்துப் போவதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன மே மாதம், ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவன் குரல்.

“அக்கா, தப்பா நெனைக்காத. லாஸ்தவோ தீவு பக்கம் இருக்கேன். தென்மேற்குல இருட்டிக்கிட்டு வருது. எங்க கொண்டு போய் நங்கூரம் போடட்டும்?”

பின்னாலிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தமும் கண்ணாடிக் கோப்பை சத்தமும் கேட்டன.

“படகுல எத்தனை பேரு?”

“அஞ்சு பேரு. அதுல ரெண்டு கொழந்தைங்க.”

வடக்கே எந்த வாய்க்குள் நுழைய வேண்டும், எத்தனை ஆழத்தில் போட வேண்டும், எவ்வளவு சங்கிலி விட வேண்டும், கரையில் எந்தப் பாறையில் கயிறு கட்ட வேண்டும் என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அவன் உடனே வைக்கவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். நான் வைத்துவிட்டேன்.

அந்த இரண்டு குழந்தைகளுக்காகச் சொன்னது அது. அக்கா மன்னித்துவிட்டாள், பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று அவன் துறையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். போன வாரம் ஐஸ் வாங்க வந்த மீனவர் ஒருவர், “நல்ல மனசு உனக்கு” என்று என் முதுகில் தட்டினார். நான் அவர் பெட்டியில் ஐஸைக் கொட்டினேன்.