தலைப்புக்குக் கீழே பதினொரு வரி

அச்சகத்தின் பின்னறையில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் அச்சுப்பிழை பார்க்கும் மெய்ப்புக்காரர், எதிர்ப்பக்கம் வாசிப்பக்கா. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, வாங்குகிறவர் பிரித்த கையோடு குப்பையில் போடுவாரே, அந்தக் காகிதத்தைத்தான் இருவரும் நாள் முழுக்கப் படிக்கிறார்கள். அக்கா மூலத்தாளைச் சத்தமாக வாசிப்பார். "உணவுக்குப் பின் கமா, நாளுக்கு இரண்டு முறை கமா, மருத்துவர் சொன்னால் மட்டும் புள்ளி." மெய்ப்புக்காரர் அச்சான தாளில் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே வருவார். பதினேழு வருடத்தில் ஒரு புள்ளிகூட இடம் மாறி அவர் கையெழுத்தோடு வெளியே போனதில்லை. அரை மாத்திரை என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து மாத்திரை என்று அடித்திருந்ததை ஒருமுறை பிடித்துவிட்டார். அந்தக் கதையை அவர் வாயால் கேட்காத ஆள் அவர் குடியிருக்கும் கட்டடத்தில் கிடையாது. இரண்டு முறை கேட்காதவரும் கிடையாது.

இப்பேர்ப்பட்ட மனிதர், பதினோரு மணி டீக்கு எழுந்து ஃபோனைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிடுவார்.

தொழில்நுட்பச் செய்தி போடும் பக்கம் ஒன்று. புது ஃபோன், புது கார், பேசும் பெட்டி, துடைக்கும் இயந்திரம் என்று நாளுக்கு முப்பது செய்தி வரும். ஒவ்வொன்றுக்கும் அடியில் கருத்துக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் 'சும்மா சொன்னேன்' என்ற பெயரில் எழுதுகிறவர் நம் மெய்ப்புக்காரர்தான். நாலு கேமரா ஃபோன் வந்தபோது, "கேமரா நாலு இருக்கட்டும், எடுக்கப் போற மூஞ்சி ஒண்ணுதானே" என்று எழுதினார். பேசும் ஃப்ரிட்ஜ் வந்தபோது, "எங்க வீட்டுல பேசாம இருந்தது அது ஒண்ணுதான், அதையும் கெடுத்துட்டீங்களா" என்றார். ஆயிரம் பேர் சிரித்தார்கள். வீட்டில் அவர் மனைவியும் சிரித்தார், கொஞ்சம் கம்மியாக.

எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் எழுதுகிறீர்கள் என்று வாசிப்பக்கா ஒருமுறை கேட்டார். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது என்று மெய்ப்புக்காரர் பெருமையாக விளக்கினார். செய்தி வந்த முதல் பத்து நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும். அப்போதுதான் சிரிப்பு சேர்ந்து மேலே நிற்கும். தாமதமானால் அடியில் போய் மாட்டிக்கொள்ளும்.

"அப்ப செய்தியை எப்பத்தான் தம்பி படிப்பீங்க?"

"செய்தியை யாருக்கா படிக்கிறாங்க? கருத்தைத்தான் படிக்கிறாங்க."

அக்கா டீ கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கு வந்த தலைப்பு இது: 'உடலில் அணியும் கருவி பொய் சொல்கிறது: ஒப்புக்கொண்டது நிறுவனம்.' பக்கத்தில் ஒரு படம். கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு ஒரு பெண் சிரித்தபடி ஓடுகிறாள். மெய்ப்புக்காரருக்கு இவ்வளவு போதாதா? டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டார். "நான் பத்தாயிரம் அடி நடந்தேன்னு என் வாட்ச் சொல்லுது. நான் நடந்தது சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும். அது பொய் சொல்லலைங்க, மரியாதை குடுக்குது."

அவரிடம் ஸ்மார்ட் வாட்ச் கிடையாது என்பது வேறு விஷயம்.

மதியத்துக்குள் நாலாயிரம் பேர் சிரித்துவிட்டார்கள். அவர் எழுதியதிலேயே அதுதான் உச்சம். அதற்கு அடியில் யாரோ ஒரு நர்ஸ் நீளமாக எழுதியிருந்தார். திரையில் முதல் வரி மட்டும் தெரிந்தது: "தயவுசெய்து இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது..." மீதியைப் படிக்க வேண்டுமானால் 'மேலும்' என்பதைத் தொட வேண்டும். மெய்ப்புக்காரர் தொடவில்லை. "டீச்சர் வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று பதில் போட்டார். அதற்கு அறுநூறு சிரிப்பு. நர்ஸுக்கு இரண்டு.

சாயங்காலம் வீடு திரும்பும்போது படியேறும் நடையே வேறு மாதிரி இருந்ததாகக் கீழ்வீட்டுக்காரம்மா சொல்வார். அந்தம்மா பார்க்காதது எதுவும் அந்தப் படியில் ஏறியதில்லை.

மெய்ப்புக்காரரின் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவர். கடைக்காரர் அளவு கொடுத்து அனுப்புவார், இவர் மடிப்பு வைத்துத் தைத்து அனுப்புவார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. தினம் இன்சுலின். முன்பெல்லாம் விரலில் குத்திப் பார்ப்பார். தையல்காரிக்கு விரல் நுனி எவ்வளவு முக்கியம் என்று மெய்ப்புக்காரரே யோசித்து ஒரு சென்சார் வாங்கிக் கொடுத்திருந்தார். நாணயம் அளவுக்கு இருக்கும். மேல்கையில் ஒட்டிக்கொண்டால், சர்க்கரை எவ்வளவு என்று ஃபோனிலேயே தெரிந்துவிடும். விரலில் குத்தும் பழைய மெஷின் மேசை டிராயரில் பேட்டரி செத்துக் கிடந்தது.

அந்த வாரம்தான் மனைவி புதுப் பெட்டியிலிருந்து ஒரு சென்சார் மாற்றியிருந்தார். மாற்றியதிலிருந்து எண் ஏறிக்கொண்டே போனது. இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது. சாப்பாட்டைக் குறைத்தார், ஊசியைக் கூட்டினார். மூன்றாம் நாள் காலை, அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னங்க, கை நடுங்குது. சர்க்கரை கொறைஞ்சா வருமே, அது மாதிரி இருக்கு."

மெய்ப்புக்காரர் மனைவியின் ஃபோனை வாங்கிப் பார்த்தார். "இருநூத்தி நாப்பத்தெட்டு காட்டுது. கொறைஞ்சிருக்குன்னு எப்படிச் சொல்ற? உனக்கு நடுங்குது, ஃபோனுக்கு நடுங்கலையே."

மனைவி சிரித்தார். கணவர் போனபிறகு, தப்புச் செய்கிற குழந்தை மாதிரி டப்பாவிலிருந்து நாலு பிஸ்கெட் எடுத்துத் தின்றார். நடுக்கம் நின்றது. அதை அவரிடம் சொல்லவில்லை. சர்க்கரை இருநூற்று நாற்பதில் நிற்கும்போது பிஸ்கெட் தின்றேன் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் மதியம் ஃபோன் இருநூற்று எழுபது என்றது. மனைவி பயந்துபோய் வழக்கத்தைவிட அதிகமாக ஊசி போட்டுக்கொண்டு, மெஷினில் உட்கார்ந்தார்.

மேல்வீட்டு மோட்டார் தையல் மெஷின் ஓடினால் கீழ்வீட்டுக்காரம்மாவுக்குக் கூரை அதிரும். ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். அந்த ஓட்டத்தை வைத்தே எத்தனை மடிப்பு முடிந்தது என்று சொல்லிவிடுவார். அன்று அது நிற்காமல் ஓடியது. கால் மணி நேரம், அரை மணி நேரம். திட்டிவிட்டு வரலாம் என்றுதான் மேலே ஏறினார். கதவு சாத்தியிருக்கவில்லை. மனைவி மெஷின்மேலேயே சாய்ந்து கிடந்தார். கால் மிதியில் அழுந்தியிருந்தது. அவர் கனத்தில் துணி நகராமல், ஊசி ஒரே இடத்தைக் குத்திக் குத்தி அங்கே ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தார்கள். இருபத்தாறு. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தார் என்று டாக்டர் கேட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் என்பது தவிர யாருக்கும் தெரியவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாமல் கிடந்த நேரம்தான் கணக்கு என்றார். பிறகு மேல்கையில் இருந்த சென்சாரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கீழ்வீட்டுக்காரம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்தார். பெட்டி எண்ணைப் படித்துவிட்டு, டாக்டர் நிதானமாகவே கேட்டார்.

"இந்த எண் வரிசையைத் திரும்ப வாங்கிக்கிறாங்கன்னு செய்தி வந்துச்சே, பாக்கலையா?"

மெய்ப்புக்காரர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனில் தேடினார். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவருடைய நாலாயிரம் சிரிப்பு இப்போது ஒன்பதாயிரம் ஆகியிருந்தது. அதற்கு மேலே அதே தலைப்பு, அதே ஓடுகிற பெண். தலைப்பைத் தொட்டார். உள்ளே பதினொரு வரி. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன ஸ்கேல் அவரையறியாமல் கைக்கு வந்தது. வரிக்கு அடியில் வைத்துக்கொண்டே போனார். இரண்டாவது வரியில் சர்க்கரை அளக்கும் சென்சார் என்று இருந்தது. நான்காவது வரியில் பெட்டி எண்கள். ஏழாவது வரி: 'இவை உள்ளதைவிட அதிகமாகக் காட்டுகின்றன, இந்த எண்ணை நம்பி இன்சுலின் போட வேண்டாம், நடுக்கமோ வியர்வையோ இருந்தால் விரலில் குத்திச் சரிபார்க்கவும்.'

வாட்ச் என்ற சொல் பதினொரு வரியில் எங்கேயும் இல்லை.

பிறகு நர்ஸின் கருத்தைத் தேடினார். கேலிக் குவியலுக்குள் இருநூறு கருத்து தாண்டிக் கிடந்தது. இந்த முறை 'மேலும்' என்பதைத் தொட்டார். "...இது வாட்ச் அல்ல. சர்க்கரை சென்சார். உங்கள் வீட்டில் யாராவது போட்டிருந்தால் பெட்டி எண்ணை உடனே பாருங்கள். எங்கள் வார்டில் இந்த வாரம் இரண்டு பேர்." அதற்குக் கீழே, ஒட்டினாற்போல், அவருடைய டீச்சர் நகைச்சுவை.

மனைவி ஐந்தாம் நாள்தான் கோவையாகப் பேசினார். அதுவும் சொல் சொல்லாக, நடுவில் எதையோ தேடித் தேடி. இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்சம் திரும்பி வரலாம், முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். மெய்ப்புக்காரர் அந்தச் செய்தியைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார். ஆனால் மனைவி அந்தத் தலைப்பை ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"அன்னிக்கு எனக்கும் வந்துச்சு. உடம்புல போடுற... போடுற கருவின்னு பாத்ததும் திக்குன்னு இருந்துச்சு. தெறந்தேன். மேலயே நீங்க எழுதினது. சோபா, ஃப்ரிட்ஜு. சிரிச்சேன். அட, வாட்ச் சமாச்சாரம்தானேன்னு மூடிட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு குறையாகச் சொல்லாமல், உண்மையிலேயே புரியாதவர் மாதிரி கேட்டார். "நீங்க படிக்காம எழுதுவீங்களா?"

பதினேழு வருடம் புள்ளி தப்பாமல் படித்த மனிதர் ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

அன்றே தன் நகைச்சுவையை அழித்தார். ஆனால் அதற்குள் அதைப் படமெடுத்து ஊர் உலகமெல்லாம் சுற்ற விட்டிருந்தார்கள். அவருடைய குடும்பக் குழுவிலேயே அவர் மைத்துனர் அதைப் போட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம் மூன்று வைத்திருந்தார். மெய்ப்புக்காரர் நடந்ததை எல்லாம், பெட்டி எண்ணோடு, அதே பக்கத்தில் எழுதினார். ஒன்பது பேர் பார்த்தார்கள். ஒருவர் "அண்ணே, இதுல ஜோக் எங்க இருக்கு, புரியலையே" என்று கேட்டிருந்தார். இன்னொருவர் "நம்மாளு ஃபார்ம் போச்சு" என்றார்.

ஒரு மாதம் கழித்து அச்சகத்துக்குத் திரும்பினார். வீட்டில் மெஷினுக்கு உறை போட்டாகிவிட்டது. கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரம்மா, கூரை அதிரவில்லை என்றால் தூக்கம் வரவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விசாரிப்பது மாதிரி வந்து வேடிக்கை பார்த்துப் போனவர்களும் உண்டு.

பதினோரு மணி டீ வந்தது. மெய்ப்புக்காரர் ஃபோனை எடுத்தார். வாசிப்பக்கா ஓரக்கண்ணால் கவனித்தார். வீட்டுச் சமையல் வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் செய்தி. மெய்ப்புக்காரர் திரையில் ஸ்கேலை வைத்து, கடைசி வரி வரை படித்தார். இந்தப் பெட்டி எண் கொண்ட கருவி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யுங்கள் என்று, உள்ளே இருந்ததை நாலு வரியில் எழுதிப் போட்டார். டீ ஆறிப் போயிருந்தது.

கோப்பையைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "டீச்சர் வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க." எழுதியவன் யாரோ புதுப்பையன். முந்நூறு சிரிப்பு ஏறியாயிற்று. மெய்ப்புக்காரரின் நாலு வரி கேலிக் குவியலுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஃபோனை மேசைமேல் நகர்த்தி அக்காவிடம் காட்டினார். அக்கா படித்துவிட்டு, "யாரு தம்பி இவன், நீங்க எழுதற மாதிரியே இருக்கு" என்றார்.

"என் வரிதான்க்கா அது. நான் எழுதினதுதான் திரும்ப வந்திருக்கு." ஸ்கேலை எடுத்து அடுத்த தாளின் முதல் வரிக்கு அடியில் வைத்தார். கை அங்கேயே நின்றது. "சிரிக்க வைக்கிறது தப்பில்லக்கா. படிக்காம சிரிக்க வைக்கிறதுதான் தப்பு. நம்ம சிரிப்பு மேல ஏறி நின்னுக்கிட்டா, யாரோ ஒருத்தருக்கு வேண்டிய வரி அடியில போய் மாட்டிக்குது. எனக்கு அந்த யாரோ, எங்க வீட்டுலயேதான் இருந்தா."