எட்டு மார்க்

கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தவள், மகள் அப்பாவின் பச்சை நோட்டை எடுத்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மகள் யாருடைய ஃபோன் நம்பரையோ தேடினாள். ஆஸ்பத்திரி வண்டி அவரைக் கொண்டுவர இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றிருந்தார்கள்.

கணக்கு வாத்தியார் ரிட்டயர் ஆனால் குடியேற இடம் தேடுவதும் பரீட்சைதான். கடலோர ஊர்கள் மூன்றைப் பொறுக்கி, வெயில், புயல், ஆஸ்பத்திரி, அக்கம்பக்கம் என்று அந்த நோட்டில் கட்டம் போட்டு இரண்டு வருடமாக மார்க் போட்டார் மனுஷன். ஓரவஞ்சனை கூடாதென்று இருக்கிற ஊருக்கும் போட்டார். நாலு மார்க்கில் இந்த ஊர் தோற்றது. மேற்குக் கடற்கரை ஊர் ஜெயித்தது. காலையில் காபியோடு கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அவளுக்கு மகளை விட்டுப் போக மனசில்லை. வாய்விட்டுச் சொல்லவும் பயம். போன மாதம் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அவர் போட்டிருந்த 3-ஐச் சிவப்புப் பேனாவால் வளைத்து 8 ஆக்கினாள். முப்பது வருடம் அவர் திருத்திய தாள்களுக்குக் கூட்டல் சரிபார்த்தவளுக்கு மொத்தத்தை மாற்றவா தெரியாது? அன்று சாயங்காலமே அவர், இங்கேயே இருந்துவிடலாம் என்றார். அப்பாடா என்றிருந்தது.

இன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி வரவே நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமலே வழியில் போய்விட்டார். அவர் போட்ட 3 சரியான மார்க்.

மகள் பக்கங்களைப் புரட்டினாள். நோட்டைப் பிடுங்கிவிடலாமா என்று கூட அம்மா நினைத்தாள். அதற்குள் மகளின் விரல் அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது.

"இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எட்டா? அப்பாவா போட்டாரு?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான் திருத்தினேன். அப்பாவுக்குத் தெரியாது."

மகள் நோட்டைத் திருப்பி அம்மா பக்கம் நீட்டினாள்.

"தெரியாம எப்படிம்மா? பக்கத்துல கையெழுத்து போட்டிருக்காரே."

அவளுக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. மேசையில் அவர் காலையில் கழற்றி வைத்த கண்ணாடி இருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். திருத்திய மார்க்குக்குப் பக்கத்தில் வாத்தியார் கையெழுத்து இல்லையென்றால் அது செல்லாது என்று ஆயிரம் முறை சொன்னவர் அவர். 8-க்குப் பக்கத்தில் பொடியாக அதே கையெழுத்து. கீழே, இங்கேயே இருந்துவிடலாம் என்று அவர் சொன்ன நாளின் தேதி.

வாசலில் வண்டி வந்து நின்றது. மகள் கதவைத் திறக்க ஓடினாள். அவள் கண்ணாடியைக் கழற்றாமலே மிச்ச நாற்காலிகளைத் தள்ளத் தொடங்கினாள்.