கையை எடுக்காதே

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த பழைய குளிர்பதனக் கிடங்கைத்தான் ஐஸ் ஹாக்கி அரங்கமாக மாற்றியிருந்தார்கள். வெளியே கத்திரி வெயில் கொளுத்தும். உள்ளே வாயைத் திறந்தால் புகை வரும். தேசியப் போட்டிக்குப் போகும் பெண்கள் அணியை அன்றைய பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போவதாகப் பயிற்சியாளர் கிரண் சொல்லியிருந்தார்.

வேப்பம்பட்டிலிருந்து வரும் தேவிப்பிரியா கோல் அடிப்பவள். பூந்தமல்லி ரூஹி தடுப்பவள். போன வாரம் ரூஹி வேண்டுமென்றே ஸ்டிக்கால் தன் காலை இடறிவிட்டாள் என்று தேவிப்பிரியா எல்லோர் முன்னாலும் கத்தினாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அன்று எதிரெதிர் அணியில் இறங்கினார்கள்.

முதல் பாதி முடியப்போகும் நேரம். கறுப்பு ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு தேவிப்பிரியா கோலை நோக்கிப் பாய்ந்தாள். ரூஹி குறுக்கே வந்தாள். தோளும் தோளும் மோதின. தேவிப்பிரியா மல்லாக்க விழுந்தாள். அவள் கால் மேலே எகிறியது. ஸ்கேட்டின் பிளேடு எதிலோ பட்டதை உணர்ந்தாள். எழுந்து பார்த்தபோது ரூஹி மண்டியிட்டிருந்தாள். அவள் கழுத்திலிருந்து வழிந்த ரத்தம் ஐஸில் பரவிக்கொண்டிருந்தது.

யாரும் அசையவில்லை. தேவிப்பிரியா கையுறையை உதறிவிட்டு இரண்டு கைகளாலும் அந்தக் கழுத்தை அழுத்தினாள்.

"அப்படியே புடி. என்ன ஆனாலும் கையை எடுக்காதே," என்றார் கிரண்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. ரூஹியை ரப்பர் பாயில் கிடத்தி இழுத்து, அணியின் வேனில் ஏற்றினார்கள். அரங்கில் ஐஸைச் சமன் செய்யும் மெஷினை ஓட்டும் வேம்புலி ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஸ்கேட்டைக் கழற்றாமலே தேவிப்பிரியாவும் ஏறினாள். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஹாரன் அடித்தும் ஒரு வண்டியும் நகரவில்லை.

"எறங்கி வழி பண்ணு சார், நா ராங் சைடுல ஏத்துறேன்," என்றான் வேம்புலி. கிரண் குதித்து ஓடி எதிரே வந்த வண்டிகளை நிறுத்தினார்; வேன் தாண்டியதும் அவரும் தொற்றிக்கொண்டார்.

ரூஹியின் கண்கள் செருகின.

"ரூஹி, என்னப் பாரு. தூங்காத. என்னத் திட்டணும்னா திட்டு."

ரூஹியின் உதடு அசைந்தது. "நா உன்ன… இடறலடி."

"தெரியும்," என்றாள் தேவிப்பிரியா. அந்த நொடிவரை அவளுக்குத் தெரியாது.

மருத்துவமனையில் டாக்டர் "இப்ப எடும்மா" என்று சொன்ன பிறகும் அவள் விரல்கள் விறைத்து நின்றன. நர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ரூஹியின் அத்தா நஜீர், கையில் ஆயில் கறையோடு ஓடிவந்தார். "இன்னா சார் ஆச்சு எம் பொண்ணுக்கு?"

"விளையாட்டுல ஒரு விபத்து…" என்று கிரண் இழுத்தார்.

"என் பிளேடுதான் வெட்டிச்சு," என்றாள் தேவிப்பிரியா. "எங்களுக்குள்ள சண்ட. ஆனா வேணும்னு பண்ணல."

நஜீர் அவளையே பார்த்தார். தள்ளிப் போய், ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவர் வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "பெரிய ரத்தக்குழாய் தப்பிச்சிருச்சு. பக்கத்துல இதயத்துக்கு ரத்தம் திரும்புற வெயின்தான் அறுந்திருக்கு, தைச்சிட்டோம். கழுத்த அழுத்திப் புடிச்சது யாரு? வழியில விட்டிருந்தா பொழைச்சிருக்க மாட்டா."

நஜீர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து தேவிப்பிரியாவிடம் வந்தார். "பாப்பா, போய் கைய கழுவு. ஊட்ல இப்டி பாத்தா பயந்துருவாங்க," என்றார். குழாயடிவரை கூடவே வந்து நின்றார்.

கழுத்துக் காப்பு இல்லாமல் யாரும் ஐஸில் இறங்கக் கூடாது என்று கிரண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அணியில் தேவிப்பிரியாவுக்கு இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் ரூஹியின் வீட்டுக்குப் போனாள். தையல் இன்னும் சிவந்திருந்தது.

"நா போகலடி. ஐஸ்ல எறங்குனாலே கால் நடுங்குது," என்றாள் தேவிப்பிரியா.

"நடுங்கட்டும், நீ போ," என்றாள் ரூஹி, கரகரத்த குரலில். "நா திரும்பி வந்தா மொத ஆட்டம் உனக்கு எதிராத்தான் ஆடுவேன். அதுக்குள்ள நீ ஆட்டத்த மறந்துட்டு நிக்காத."

மறுநாள் காலை தேவிப்பிரியா ரயிலேறினாள்.