எதிர்க் கடை

சதுரங்கப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் வேண்டுமென்றால் ஷஃபியுல்லாவின் கடைதான் கதி. அவன் வாயில் வந்ததுதான் விலை. எழுபத்து நான்காம் வருஷம் செங்கல்பட்டிலிருந்து வந்த அதிகாரி பாலசுப்ரமணியன், "ஊருக்கு ஒரே கடைன்னா விலை எப்படி எறங்கும்? ஒரு மாசத்துல போட்டிக்கு இன்னொரு கடை வரணும். இல்லேன்னா உன் லைசென்ஸ் கேன்சல்" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

ஷஃபியுல்லாவா அசருகிற ஆள்? மனைவி ரோஷன் பீவி பெயரில் எதிரிலேயே ஒரு கடை போட்டான். இரண்டு விலைப் பலகையையும் அவனே எழுதினான். இரண்டிலும் ஒரே விலை.

மறுநாள் காலையில் அவன் கடையில் ஈ, காக்கை இல்லை. எதிரே கூட்டம் முண்டியடித்தது. ரோஷன் பீவி தன் பலகையை அழித்துப் பாதி விலை போட்டிருந்தாள்.

"இன்னாம்மே இது? நம்ம பொழப்புல நீயே மண்ணப் போடுறியே!"

"கூவாதீங்க மச்சான். லைசென்ஸுல என் பேருதான கீது?"

பத்தே நாளில் ஷஃபியுல்லா கடையை இழுத்து மூடினான். மாதக் கடைசியில் அதிகாரி திரும்பி வந்தார். "மறுபடியும் ஒரே கடையா? போட்டி எங்கம்மா?"

ரோஷன் பீவி புருஷன் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"வாங்க மச்சான், உங்க பேர்ல ஒரு கடை போட்டுடலாம். பலகைய மட்டும் நான் எழுதுறேன்."