பதினோரு நிமிடத் தண்ணீர்

சர்வரின் வயரைப் பிடுங்கிய பிறகும் சலவைக்கடைத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. பிடுங்கியவர் குடிநீர் அலுவலக மேலாளர். புதன்கிழமை காலை பத்து இருபத்துநாலுக்குப் பிடுங்கினார். வர வேண்டிய பத்து முப்பத்தொன்றுக்குத் தண்ணீர் வந்தது. மறுபடி சொருகி மறுபடி பிடுங்கிப் பார்த்தார். தண்ணீர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

காரணம், அந்த அலுவலகத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த கமா. ஒரு கமா விட்டுப்போனாலும் அடுத்தவர் எழுதியதைத் திருப்பி அனுப்புவாள் என்பதால் வந்த பெயர். தெருவை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் கட்டடம் எழுப்புவதாக முடிவாகியிருந்தது. முப்பது நாள் கழித்துத் தெருவின் வால்வு தானாக மூடிக்கொள்ள ஒரு வரி எழுதும்படி மேலாளர் சொன்னார். அந்தத் தெருவில்தான் அவளுடைய அக்கா சலவைக்கடை வைத்திருந்தாள். கமா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எதிர்த்துப் பேசும் தெம்பு அன்றைக்கு அவளுக்கு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பது நாளை மில்லி செகண்டாக்கினால் இருநூற்று ஐம்பத்தொன்பது கோடியே இருபது லட்சம். சர்வரின் கடிகாரத்துக்கோ இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம் வரைதான் எண்ணத் தெரியும், அதாவது இருபத்தைந்து நாள்கூட முழுசாக இல்லை. அதற்கு மேல் பொறுக்கச் சொன்னால் அது பொறுக்கவே பொறுக்காது, உடனே வேலையை முடித்துவிடும். ஊராருடைய கமாவையெல்லாம் பிடித்தவள் இதில் கோட்டை விட்டாள். பொத்தானிலிருந்து கையை எடுப்பதற்குள் வால்வு மூடிக்கொண்டது.

அக்கா கடையில் எண்பது படுக்கை விரிப்புகள் சோப்பு நுரையோடு கிடந்தன. "முப்பது நாள்னு நோட்டீஸ் ஒட்டிட்டு மொத நாளே மூடுறீங்களே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" என்று போனில் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கமா மேலாளரிடம் ஓடினாள். தப்பு என்னுடையது, திறந்துவிடலாம் என்றாள். "எப்படியும் மூடப்போறதுதானேம்மா, விடு. சீக்கிரமா காலி பண்ணுவாங்க," என்றார் அவர். அங்கேதான் அவளுக்கு ரத்தம் கொதித்தது. தன் இடத்துக்குப் போய் இன்னொரு வரி எழுதினாள்: பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து மூடு. இப்படித் திரும்பத் திரும்ப ஓடும் வேலையைத் தொடங்கினால் சர்வர் டோக்கன் மாதிரி ஓர் எண்ணைக் கொடுக்கும். பிறகு நிறுத்த வேண்டுமென்றால் அந்த எண்ணைச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். அதை வாங்கி வைக்காத ஆளை அந்தத் தொழிலில் அரைவேக்காடு என்பார்கள். கமா வேண்டுமென்றே வாங்கவில்லை.

அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். வயரைப் பிடுங்கியும் பலிக்காததால் சர்வரைச் சுத்தியலால் உடைத்தார்கள். வால்வைக் கழற்றினார்கள். இரண்டாம் வருடம் பூமிக்கடியிலிருந்த குழாய்களையே தோண்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதனோடும் சேராமல் சுவரில் மொட்டையாக நின்ற குழாய்களில் தண்ணீர் நேரத்துக்கு வந்தது. இடிக்க வந்த இயந்திரங்கள் சேற்றில் இறங்கி நின்றன. தெருக்காரர்கள் ஒருவரும் காலி செய்யவில்லை. தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று பக்கத்து வீட்டோடு ஒரு சண்டையை முடித்துவிட்டு, அடுத்த தண்ணீருக்கு உள்ளே போய் அலசிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். கமா அக்காவின் கடையில் துணி அலசினாள். அக்கா இடம் கொடுத்தாளே தவிர முகம் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். கமாவுக்கு அது வலித்தது.

நான்காம் வருடம் மேலாளர் தானே கடைக்கு வந்தார். மிகவும் மெலிந்திருந்தார்.

"அந்த நம்பரை மட்டும் சொல்லிடும்மா. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"வாங்கலையே சார்."

"வாங்கியிருந்தா?"

"வாங்கியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

உள்ளே விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். நான்கு வருடத்தில் முதல்முறையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்து, "அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுடி, தண்ணி வர்ற நேரமாச்சு," என்றாள். மேலாளர் நகர்ந்தார். தண்ணீர் வந்தது.

மறு வருடம் அலுவலகம் அச்சிட்ட நகர வரைபடத்தில் கார் நிறுத்தும் கட்டடம் இல்லை, தெரு இருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், 'குடிநீர் விநியோகம்: பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை' என்று போட்டிருந்தார்கள்.